285 கிராமிலிருந்து 340-க்குத் தாவலாமா? எடை கூடின டென்னிஸ் ராக்கெட் பற்றி ஒரு நீளமான இழை

ஆகஸ்ட் 6, 2023 (கேள்வி, கோவையிலிருந்து)

அண்ணே, நாலு வருஷமாக டென்னிஸ் ஆடுகிறேன். வயது 34. கையில் இருப்பது பாபோலா ப்யூர் டிரைவ் டீம், 285 கிராம். எதிரில் இருப்பவர் ஓங்கி அடித்தால் ராக்கெட் கைக்குள்ளேயே திரும்பிக்கொள்கிறது. வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) வைத்தால் பந்து நெட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. "உனக்கு இந்த எடை பத்தாது" என்கிறார் கோச். தெரிந்தவர் ஒருவர் வில்சன் ப்ரோ ஸ்டாஃப் ஆர்எஃப் 97-ஐ 8,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 340 கிராம், பெடரர் பெயர் போட்டது. வாங்கலாமா?

ஆகஸ்ட் 6, இரவு

வாங்காதீங்க தம்பி.

340 என்பது நரம்பு கட்டாத எடை. கட்டினால் 15, 16 கிராம் ஏறும். கைப்பிடி மேல் சுற்றும் பட்டை, ஓவர்கிரிப், ஒரு 5, 6 கிராம். ஆக 360-ஐத் தாண்டித்தான் கையில் இருக்கும். அதைப் பெடரர் வீசினார் என்றால் அவர் பந்துக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுவார். நாம் பந்து வந்த பிறகுதானே யோசிக்கவே ஆரம்பிக்கிறோம்.

ஆனால் எடை கூட்டுங்கள் என்று கோச் சொல்வது சரி. போன மாதம்தான் நான் 300-இலிருந்து 315-க்கு மாறினேன். வயது 46, ஆட்டத் திறனுக்கான அமெரிக்கத் தரக்கணக்கில் 3.5, அதாவது நடுத்தரம், என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று வாரமாகச் சொர்க்கம். வாலி வைத்தால் சுவரில் பட்டது போலத் திரும்பிப் போகிறது. 315 வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

ஆகஸ்ட் 7

"அல்கராஸே 305-தானே வைத்திருக்கிறார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ராக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பெயருக்கான கடை எடை அது, ப்யூர் ஏரோ 98. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் கடை எடையோடு நிற்பதில்லை. ஈயம் ஒட்டுவார்கள், கைப்பிடிக்குள் சிலிக்கான் ஊற்றுவார்கள். சாம்ப்ராஸ் ஈயம் ஒட்டி 400 கிராமை நெருங்கும் ராக்கெட்டோடு ஆடியவர். கடையில் தொங்குவதைப் பார்த்து அவர்களின் எடையை முடிவு செய்ய முடியாது.

ஆகஸ்ட் 20

சின்னத் திருத்தம். ஓவர்கிரிப் 5, 6 கிராம் என்றேன், அது காய்ந்த கணக்கு. இன்று காலை சென்னை வெயிலில் இரண்டு செட் ஆடி முடித்து அப்படியே சமையலறைத் தராசில் வைத்தேன். போகும்போது இருந்ததைவிட 4 கிராம் கூடுதல். முழுக்க வியர்வை. ஒரு மாதம் யோசித்துக் கிராம் கிராமாக ராக்கெட் தேர்ந்தெடுக்கிறோம், 9 மணிக்குள் வேறு ராக்கெட் ஆகிவிடுகிறது.

தராசை மாவு அளக்க வாங்கியது. வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

செப்டம்பர் 17

மேலே "சொர்க்கம்" என்று எழுதியதைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்.

முதல் செட்டில் இன்னும் அதே சொர்க்கம்தான். இரண்டாவது செட் பாதியிலிருந்து ஃபோர்ஹேண்ட் எல்லாம் வலது ஓரக் கோட்டுக்கு வெளியே போகிறது. ஒன்றிரண்டு என்றால் காற்று என்று சொல்லலாம். இன்று எண்ணினேன், இரண்டாவது செட்டில் மட்டும் பதினொன்று. எல்லாம் ஒரே மாதிரி, பந்து உடம்பைத் தாண்டி வந்த பிறகு பட்டவை. என் ஜோடி ஆட்டக்காரர் பெரியவர், சொல்லிவிட்டார்: "நீங்க லேட். பந்து லேட் இல்ல."

செர்வ் திருப்புவது இன்னும் மோசம். வேகமான செர்வுக்கு ராக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பந்து பின் வலையில்.

ஆனால் பாருங்கள், கடையில் வாங்கும்போதும் முதல் ஒரு மணி நேரமும் இது தெரியவே தெரியாது. நம்மூரில் ஒரு வாரம் வைத்து ஆடிப் பார்க்க யார் ராக்கெட் தருகிறார்கள்? கையில் எடுத்து நாலு தடவை காற்றில் வீசிப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். அந்த நாலு வீச்சில் எல்லா ராக்கெட்டும் நல்ல ராக்கெட்தான்.

அக்டோபர் 8

முழங்கை. வெளிப்பக்க எலும்புக்குக் கீழே. காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்கிறது. பிசியோ பார்த்துவிட்டு இரண்டு வாரம் ராக்கெட்டைத் தொடாதீர்கள் என்றார். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சி, தினம் மூன்று வேளை.

கோவைத் தம்பி, 315 வாங்கவில்லையே? இருங்கள்.

அக்டோபர் 9

நேற்று வலியில் எழுதியது. நியாயமாக யோசித்தால் எடையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புது ராக்கெட் வாங்கியபோது நரம்பு கட்டுபவர் "பாலி போட்டுடலாமா சார்?" என்றார், தலையை ஆட்டினேன். 54 பவுண்டு. அதற்கு முன் பழைய ராக்கெட்டில் மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகளால் ஆன மென்மையான நரம்பு), இழுவிசை 52 பவுண்டு. பாலியெஸ்டர் நரம்பு விறைப்பு, அதுவும் இரண்டு மாதம் மாற்றாமல் ஆடினால் உயிர் போய்ப் பலகை மாதிரி ஆகிவிடும். அதிர்ச்சி எல்லாம் கைக்கு வரும்.

ஒரே நாளில் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டு எதனால் வலி என்று கேட்டால் யார் சொல்வது? பார்க்கப்போனால் எடை கூடின ராக்கெட் கைக்கு நல்லது என்பதுதான் பழைய ஆட்கள் சொல்வது, அதில் அர்த்தமும் இருக்கிறது. மோதும்போது கனமான சட்டம் குறைவாக உதறும். முழங்கைக்கு ஆகாத கூட்டணி என்றால் லேசான, விறைப்பான, தலைப்பக்கம் கனத்த சட்டத்தில் பாலியும் சேர்வதுதான்.

அக்டோபர் 15

ஆடக்கூடாது என்றால் அளக்கலாம் அல்லவா.

ராக்கெட்டில் மூன்று எண் உண்டு. தராசு எடை ஒன்று. சமநிலைப் புள்ளி, அதாவது கைப்பிடி அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் தராசு முள் போல நிற்கும் என்பது, இரண்டு. மூன்றாவதுதான் ஸ்விங்வெயிட், வீசும்போது கைக்குத் தெரியும் கனம். கைப்பிடி அடியிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஓர் அச்சு இருப்பதாக வைத்து அதைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கிடுவார்கள். பிளஸ் ஒன் இயற்பியலில் மனப்பாடம் செய்து மறந்தது. சிட்னியில் இயற்பியலாளராக இருந்த ராட் கிராஸ் இதைச் சோதித்திருக்கிறார். வீச்சின் வேகத்தைக் குறைப்பது ஸ்விங்வெயிட்தான், மொத்த எடை அல்ல.

இதை அளக்கும் எந்திரம் நம்மிடம் கிடையாது. ஊசல் போதும். அலமாரிக் கதவிடுக்கில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி, அதில் ராக்கெட்டைத் தலைகீழாக, சட்டத்தின் உச்சி உள்விளிம்பில் மாட்டினேன். லேசாக ஆட்டிவிட்டு, போய் வர ஒன்று என்று பத்து எண்ணி போன் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். ஓர் ஆட்டத்துக்கான நேரத்தின் வர்க்கத்தை எடை, 9.81, மாட்டிய இடத்திலிருந்து சமநிலைப் புள்ளி வரையுள்ள தூரம், இம்மூன்றாலும் பெருக்கி 39.5-ஆல் வகுக்க வேண்டும். அப்புறம் இணை அச்சுத் தேற்றத்தால் 10 சென்டிமீட்டர் அச்சுக்குக் கொண்டு வர வேண்டும்.

பழைய 300: நரம்பு, கிரிப் எல்லாம் சேர்த்து 322 கிராம், சமநிலை 33 செ.மீ., பத்து ஆட்டத்துக்கு 13.9 விநாடி. ஸ்விங்வெயிட் 324.
புது 315: 338 கிராம், 33.2 செ.மீ., 13.7 விநாடி. 329.

ஐந்துதான் வித்தியாசம்! ஆக நான் லேட் ஆனதற்கு ராக்கெட் காரணம் இல்லை, வயசு.

அக்டோபர் 16

நேற்று எழுதியது தப்பு. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

ஒருவர் சரியாகப் பிடித்தார்: பத்து ஆட்டத்தில் 0.1 விநாடி பிசகினால் விடை 7, 8 புள்ளி மாறும். என் கட்டைவிரல் 0.1 விநாடிக்கு எங்கே போவது. இன்று முப்பது ஆட்டம் எண்ணினேன், ஒவ்வொன்றும் நாலு தடவை. பழையது 41.6 விநாடி, புதியது 41.4. இப்போது பழையது 321, புதியது 336.

பதினைந்து புள்ளி. வயசுக்கு விடுதலை. முழு விடுதலை இல்லை, ஜாமீன்.

அக்டோபர் 29

இரண்டு வாரம் முடிந்தது. பழைய 300, மல்டி, 50 பவுண்டு. வலி இல்லை.

முக்கியமான விஷயம் இது இல்லை. எங்கள் கோர்ட்டில் ஆடும் பல் டாக்டர் ஒருவரிடம் ஆர்எஃப் 97 இருக்கிறது. கோவைத் தம்பிக்காக என்று சொல்லி (ஆசை எனக்குத்தான்) அரை மணி நேரம் வாங்கி ஆடினேன். கிரிப்போடு 363 கிராம். பையிலிருந்து எடுக்கும்போது அம்மிக் குழவி. ஆனால் வீசினால் அவ்வளவு கனம் இல்லை! என் 315-ஐவிட லேட் ஆகவே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடினால், நரம்பு கட்டிய ஆர்எஃப் 97-க்குப் பொதுவாகச் சொல்லும் ஸ்விங்வெயிட் 335 பக்கம். என்னுடையது 336. தராசில் 25 கிராம் குறைந்த என் ராக்கெட்டை வீச அதே பலம் வேண்டியிருக்கிறது. காரணம் எளிது: அதன் கூடுதல் எடை பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம். என்னுடையதில் அப்படி இல்லை.

ஆகவே ஆகஸ்ட் 6 இரவு எழுதியதில் "340 வாங்காதீர்கள், 315 கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்பதில் இரண்டு பாதியும் ஆட்டம் கண்டுவிட்டது. மட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பேசினேன்.

ஆனாலும் தம்பி, அரை மணி நேரம் முடியும்போது முன்கை இழுக்க ஆரம்பித்தது. பாயின்டுக்குப் பாயின்ட் தூக்கிப் பிடித்துத் தயாராக நிற்க வேண்டுமே, அங்கே தராசு எடையும் கணக்குதான். 8,000 ரூபாயை வைத்துக்கொண்டு இருங்கள்.

நவம்பர் 12

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மாமா வீட்டுப் பரணில் அவருடைய பழைய டன்லப் மேக்ஸ்ப்ளை இருந்தது. மரச் சட்டம், வளையாமல் இருக்க நாலு மூலையிலும் திருகு போட்ட மர அழுத்தி. தராசை எடுத்துப் போயிருந்தேன் (ஆம்). 391 கிராம்.

இதே மாதிரி மரச் சட்டத்தோடுதான் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 61-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். நாம் 315-க்கு அழுகிறோம் என்றேன். மாமா சிரித்தார். "நாங்க பந்தை அடிக்கல, அனுப்பினோம்" என்றார். 65 சதுர அங்குலத் தலை, நீண்ட மெதுவான வீச்சு, தோளிலிருந்து வரும். இன்று கேட்கும் வீச்சு வேறு, பந்து சுழல வேண்டும், ராக்கெட் தலை கீழிருந்து மேலே சாட்டை போல ஏற வேண்டும். அதற்கு 391 ஆகாது.

சொல்லிவிட்டு வாசலில் அவருடைய மட்டையால் சுவரில் இருபது அடித்தேன். நடுவில் படும்போது வரும் மென்மை எந்த கிராஃபைட்டிலும் கிடையாது. நடுவில் பட்டது மூன்று.

டிசம்பர் 10

மிக்ஜாம் புயலில் கோர்ட் ஒரு வாரமாகக் குளம். வலைக் கம்பம் மட்டும் தெரிந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

கேள்வி இதுதான்: புது ராக்கெட் வாங்காமல் பழையதிலேயே எடை கூட்டினால்? சும்மா சோதிக்க ஈயம் எதற்கு, சில்லறை போதும். 2 ரூபாய் நாணயம் என் தராசில் 4.8 கிராம் காட்டுகிறது. ஓவர்கிரிப்பைப் பிரித்து, கைப்பிடியின் மேல் முனையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே கிரிப்.

கணக்கு அழகு. அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம்தான் விஷயம். கைப்பிடி மேல் முனை அச்சிலிருந்து 8 செ.மீ., ஆகவே கிட்டத்தட்ட 10 கிராம் ஒட்டியும் ஸ்விங்வெயிட் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அதே ஒரு கிராமைத் தலை உச்சியில் ஒட்டினால் 3 புள்ளிக்கு மேல். தலையின் இரு பக்கமும், கடிகாரத்தில் 3-ம் 9-ம் இருக்கும் இடத்தில் ஒட்டினால் கிராமுக்கு 1.8 அளவில்.

கோவைத் தம்பி ஆரம்பத்தில் கேட்டது நினைவிருக்கிறதா? ராக்கெட் கைக்குள் திரும்புகிறது என்றார். அதற்கு மருந்து 3-ம் 9-ம்தான். நடு அச்சிலிருந்து தள்ளி எடை இருந்தால் ஓரத்தில் பட்ட பந்து சட்டத்தை எளிதில் திருப்ப முடியாது. மொத்த எடையைக் கூட்டியதால் வாலி நன்றாக வந்தது என்று நான் நினைத்ததும் பாதி இதுவாக இருக்கலாம்.

டிசம்பர் 11

ஈயப் பட்டை எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கோல்ஃப் சாமான் விற்கும் இடங்களில் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. ஒருவர் காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கிலோ கணக்கில் கிடைக்கும் என்கிறார். நன்றி அண்ணே, நான் மீன் பிடிக்கப் போகவில்லை. இன்னொன்று, கார் வீல் பேலன்சிங் கடையில் 5 கிராம் துண்டுகளாகப் பின்னால் பசையோடு தருவார்கள். கைப்பிடிக்கு அது போதும், தலைக்குத் தடிமன் அதிகம்.

ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள். மேலே டேப் ஒட்டி மூடுங்கள், குழந்தை இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம். டங்ஸ்டன் பட்டை வந்திருக்கிறது, விலைதான் ஒரு மாதிரி.

நாணயத்தை எடுக்கவில்லை. அவசரத்துக்கு ராக்கெட்டில் 4 ரூபாய் இருக்கிறது.

டிசம்பர் 24

மார்கழிப் பனியில் காலை 5.45-க்கு ஆடுகிறவர்கள் புது ராக்கெட் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். தரை ஈரம், பந்தின் நூல் நீரைக் குடித்து உப்பி, எலுமிச்சம்பழம் அளவு பந்து சாத்துக்குடி போல வருகிறது. எந்த ராக்கெட்டும் லேசாகத் தெரியும். இன்று எனக்கே 340 வாங்கலாமா என்று தோன்றியது. ஏழு மணிக்குத் தெளிந்தது.

ஜனவரி 21, 2024

ஈயப் பட்டை வந்தது. 3-க்கும் 9-க்கும் தலா 2 கிராம். நாணயங்கள் அதே இடத்தில். தராசு: 336 கிராம். ஸ்விங்வெயிட் 329.

315-ஐத் திரும்பப் பாருங்கள்: 338, 336. தராசில் 2 கிராம்தான் வித்தியாசம், வீச்சில் 7 புள்ளி. கையில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது செட்டில் ஒன்று இல்லை. நேற்று மூன்று செட், வலது ஓரத்துக்கு வெளியே போன ஃபோர்ஹேண்ட் நாலு. வாலி 315 அளவுக்குச் சுவர் இல்லை, பழைய 300 அளவுக்குத் தொங்கலும் இல்லை. செலவு, பட்டைக்குச் சில நூறு ரூபாய், கூட ரிசர்வ் வங்கிக்குச் சேரவேண்டிய 4 ரூபாய்.

329-தான் எல்லோருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கிராம் ஒட்டி இரண்டு வாரம் ஆடுங்கள், பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடுங்கள். 15,000 ரூபாய் ராக்கெட்டை உரிக்க முடியாது.

ஜனவரி 22

ஆம், நரம்பும் எடைதான். பாலியிலிருந்து மல்டிக்குப் போனால் ஒரு கிராம் அளவில் மாறலாம். அது எனக்கும் தெரியும். தயவுசெய்து இதற்கு மேல் போக வேண்டாம், எனக்கு வேலை இருக்கிறது.

பிப்ரவரி 18 (கோவையிலிருந்து)

அண்ணே, ஆர்எஃப் 97-ஐ வேறு ஒருவர் வாங்கிவிட்டார். 285-லேயே தலை இரு பக்கமும் 4 கிராம், கைப்பிடியில் 10 கிராம். கோச் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, புதுசு நல்லாயிருக்கே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3

அப்படியே இருக்கட்டும், சொல்லாதீங்க.

என் 315 என்ன ஆனது என்று கேட்டவருக்கு: அக்கா மகன் கல்லூரியில் ஆடுகிறான், 19 வயது, அவனிடம் கொடுத்துவிட்டேன். அதே பாலி, அதே 54 பவுண்டு. நேற்று வந்து என்னை 6-2 அடித்துவிட்டுப் போனான். அவன் ஃபோர்ஹேண்டில் ஒன்றுகூட லேட் இல்லை. ஆட்டம் முடிந்ததும் தராசை எடுத்து வந்தேன், வியர்வையோடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க. "அதெல்லாம் எதுக்கு மாமா" என்று ராக்கெட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.